கடினப்படுத்திய எஃகில் பெரிய மோல்டு பாகங்களுக்கு சிஎன்சி மில்லிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் பாகங்கள் எவை?

பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டின் கேவிட்டி (குழிவான பாதி), கோர் (புடைத்த பாதி), பெரிய இன்செர்ட்டுகள் (தனியாகச் செய்து பொருத்தும் துண்டுகள்), அலுமினியப் பிரஷர் டை காஸ்டிங் டைகள் ஆகியவற்றைப் பற்றியே இந்தப் பக்கம் பேசுகிறது. 1000 மி.மீ. நீளம், 800 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம் கொண்ட ஓர் எஃகுக் கட்டியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எஃகின் அடர்த்தி கன டெசிமீட்டருக்கு 7.85 கிலோ என்பதால், அந்தக் கட்டியின் எடை ஏறத்தாழ 3140 கிலோ வரும்.

எஃகைப் பொறுத்தவரை இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். பி 20 வகை எஃகும், அதனுடன் சுமார் ஒரு விழுக்காடு நிக்கல் சேர்ந்த 1.2738 எஃகும் ஆலையிலேயே ஏறத்தாழ 30 எச்ஆர்சி (ராக்வெல் சி கடின அலகு) அளவுக்குக் கடினப்படுத்தப்பட்டு வருகின்றன. 400 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் நிக்கல் சேர்ந்ததையே தேர்ந்தெடுப்பது வழக்கம். இல்லையெனில் நடுப்பகுதி மேற்பரப்பைவிட மென்மையாக இருந்துவிடும். எச் 13 (1.2344), எச் 11 (1.2343) போன்றவையோ மென்மையாக வந்து, ரஃபிங் (உலோகத்தை மொத்தமாக நீக்கும் முதற்கட்ட மில்லிங்) முடிந்தபின் ஹீட் ட்ரீட்மெண்டுக்குப் (சூடாக்கிக் குளிரவைத்துக் கடினப்படுத்தல்) போய், 44 முதல் 52 எச்ஆர்சி வரையிலான கடினத்தோடு திரும்புகின்றன. உண்மையான சிக்கல்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகையில்தான் எழுகின்றன என்பதால், கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவையே.

மென்மையாக இருக்கும்போதே முழு வேலையையும் முடித்துவிட்டுக் கடினப்படுத்தினால் என்ன?

கடினப்படுத்தும்போது எஃகு அளவு மாறும், வளையவும் செய்யும், அதனால் முடியாது. எச் 13 எஃகை 1000 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் வரை சூடாக்கி, வேக்யூம் ஃபர்னஸில் அழுத்தம் கொண்ட நைட்ரஜனால் விரைவாகக் குளிரவைக்கிறார்கள். மேல்தோல் முதலில் குளிர்ந்து கடினமாகிறது. பல நூறு மி.மீ. தடிமனுள்ள உட்பகுதி வெகுநேரம் கழித்தே அந்த நிலையை அடைகிறது. உள் கட்டமைப்பு மார்டென்சைட் என்ற கடின வடிவத்துக்கு மாறும்போது கன அளவும் கொஞ்சம் கூடுகிறது. ஒருபுறம் ஆழமாகக் குடையப்பட்ட கேவிட்டியில் மெல்லிய சுவரும் தடித்த அடிப்பாகமும் வெவ்வேறு வேகத்தில் குளிர்வதால், ஒரு மீட்டர் நீளமுள்ள பாகம் ஒரு மில்லிமீட்டர் வரை வளைந்து வருவது நடக்கக்கூடியதே.

அதனால்தான் ரஃபிங்கில் ஒவ்வொரு முகத்திலும் ஒன்று முதல் இரண்டு மி.மீ. வரை மீதி விடுகிறோம். இந்த மீதி எவ்வளவு என்பதைவிட, அது எங்கும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதே முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன். கடின எஃகில் கட்டர்களை அழிப்பது பெரும்பாலும் கடினமன்று, 0.2 மி.மீ. எதிர்பார்த்துச் செல்லும் கட்டர் திடீரென்று 3 மி.மீ. மீதியைச் சந்திப்பதே. அந்த மீதி எங்கே எவ்வளவு நிற்கும் என்பது கடினப்படுத்துவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

அப்படியானால் ஹீட் ட்ரீட்மெண்டுக்கு அனுப்பும் முன் எவற்றை முடித்திருக்க வேண்டும்?

குளிர்நீர்த் துளைகள், எஜெக்டர் பின் (வார்த்த பொருளை வெளியே தள்ளும் ஊசி) துளைகளின் முன்துளையிடல், போல்ட் துளைகள், மரைகள், தூக்குவதற்கான ஐபோல்ட் துளைகள் ஆகிய அனைத்தையும் மென்மையான நிலையிலேயே முடித்துவிட வேண்டும். 50 எச்ஆர்சி எஃகில் டேப் (மரை வெட்டும் கருவி) போடுவது பெரும்பாலும் டேப்பை உடைத்து உள்ளே விடுவதில் முடியும். விடுபட்ட மரையை த்ரெட் மில்லிங் மூலம் செய்ய இயலும், ஆனால் அது மெதுவான வேலை. துளைகளின் வாய்களிலும் வெளி விளிம்புகளிலும் கூர்மை இல்லாதவாறு சேம்ஃபர் எடுக்க வேண்டும். உள்மூலைகளில் கூர்மை இருந்தால், குளிரவைக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ரஃபிங்கில் பெருமளவு உலோகம் நீக்கப்பட்ட பாகத்துக்கு, கடினப்படுத்தும் முன் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (உள்ளே தேங்கிய இறுக்கத்தைச் சூட்டால் தளர்த்தல்) தேவை. எச் 13 எஃகுக்கு 650 டிகிரியில் முழுப் பாகமும் சூடேறிய பின் இரண்டு மணி நேரம் வைத்து, ஃபர்னஸிலேயே மெதுவாகக் குளிரவிடுவது வழக்கமான முறை. அதன்பின் இன்னொரு முறை மில்லிங் செய்து மீதியைச் சமன்படுத்திவிட்டு அனுப்பினால், திரும்பி வரும் வளைவு கணிசமாகக் குறையும். இந்த இடைப்பட்ட மில்லிங்கை நேரம் மிச்சமாகும் என்று விட்டுவிடுகிறவர்கள் அதைப் போல இரு மடங்கு நேரத்தைக் கடின நிலையில் இழப்பார்கள்.

மூலைகளில் மட்டும் கட்டர் ஏன் உடைகிறது?

ஒரு கணக்கைப் பார்த்தால் காரணம் தெளிவாகும். மென்மையான நிலையில் 32 மி.மீ. விட்டமுள்ள கட்டரால் ரஃபிங் செய்தால், செங்கோண உள்மூலையில் 16 மி.மீ. ரேடியஸ் நிற்கும். வரைபடத்தில் அந்த மூலைக்கு 5 மி.மீ. ரேடியஸ் என்று இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 11 மி.மீ.ஐ 0.414 ஆல் பெருக்க, மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 4.5 மி.மீ. உலோகம் கூடுதலாக நிற்கிறது. சுவரில் 0.2 மி.மீ. எடுத்துக்கொண்டு வரும் சிறிய கட்டர், மூலைக்குள் நுழைந்ததும் அந்த 4.5 மி.மீ.ஐச் சந்திக்கிறது.

எனவே ஃபினிஷிங்குக்கு (இறுதி அளவுக்கு எடுக்கும் மில்லிங்) முன் ரெஸ்ட் மில்லிங் (பெரிய கட்டர் விட்டுச்சென்ற மீதியை மட்டும் எடுத்தல்) கட்டாயம். 20, 16, 12 மி.மீ. என்று படிப்படியாகச் சிறிய கட்டர்களை மூலைக்குள் மட்டும் அனுப்பி, ஒவ்வொரு கட்டமும் அடுத்ததற்குச் சிறு மீதியை மட்டுமே விட்டுச்செல்லுமாறு நிரலை அமைக்க வேண்டும். மேலிருந்து கீழாக, சிறு சிறு ஆழங்களாக, அரைவட்டச் சுற்றுகளாக (ட்ரோகாய்டல்) உள்ளே போவது நல்லது. கடைசியாக மூலைக்குச் செல்லும் கட்டரின் ரேடியஸ், மூலையின் ரேடியஸுக்குச் சமமாக இருக்கக் கூடாது. சமமாக இருந்தால் ஒரு கணத்தில் கட்டரின் சுற்றளவில் கால்வட்டம் முழுவதும் சுவரில் ஒட்டும், அதிர்வு எழும், மூலையில் வரிவரியான தழும்பு விழும். 5 மி.மீ. ரேடியஸ் மூலைக்கு 8 மி.மீ. விட்டமுள்ள கட்டர் பொருத்தமானது; கட்டர் அந்த மூலையில் நிற்காமல் வளைந்து திரும்பும்.

கடினப்படுத்திய பாகம் வந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

அளக்க வேண்டும். அடிப்பகுதியை உடனே கிரைண்டிங்குக்கு ஏற்றிச் சமன்படுத்துவது பலருக்கு வழக்கமாக இருக்கிறது, ஆனால் அது ஆபத்தானது. பாகம் வில் போல வளைந்திருக்கும்போது அடியை மட்டும் ஆதாரமாக எடுத்துச் சமன்படுத்தினால், கேவிட்டியின் ஒரு முனையில் 2 மி.மீ. மீதியும் மறுமுனையில் ஒன்றுமே இல்லாத நிலையும் உண்டாகலாம். அதற்குப் பதிலாக, பாகத்தைத் தளர்வாக மேசைமேல் வைத்து, அடி, பக்கங்கள், கேவிட்டியின் முக்கிய முகங்கள் ஆகியவற்றில் பல புள்ளிகளைப் புரோபால் (தொட்டு அளக்கும் கருவி) தொட்டு, மாடலோடு ஒப்பிட்டு, எல்லா முகங்களிலும் மீதி ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்படுமாறு பூஜ்ஜியப் புள்ளியையும் சாய்வையும் முதலில் தீர்மானிக்க வேண்டும். அடியும் பக்கங்களும் அந்தத் தீர்மானத்தின்படியே எடுக்கப்பட வேண்டும். ஒரு வேலைநாளில் பாதி இதற்குச் செலவானாலும் அது வீண் அன்று.

கடினத்தையும் பல இடங்களில் சோதிக்க வேண்டும். மேல்தோலில் ஆக்சைடும் கார்பன் குறைந்த மென்படலமும் இருக்கக்கூடும் என்பதால், சிறிதளவு தேய்த்தெடுத்த இடத்தில் அளந்தால்தான் எண் நம்பத்தக்கதாக இருக்கும்.

பாகத்தை எப்படிப் பிடிப்பது?

மூன்று டன் பாகம் தன் எடையாலேயே நிற்கும் என்று எண்ணக் கூடாது. அதேசமயம் கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கி வளைத்துவிடவும் கூடாது. அடிமுகம் சமதளமான பிறகு, அடியிலிருந்து போல்ட் போட்டு இழுத்துப் பிடிப்பது சிறந்தது, ஐந்து பக்கமும் கட்டருக்குத் திறந்திருக்கும். மேல் கிளாம்ப் தவிர்க்க முடியாதபோது, கிளாம்ப் அழுத்தும் இடத்துக்கு நேர் கீழே பேரலல் (தாங்கும் சமதளக் கட்டை) இருக்க வேண்டும். ஃபினிஷிங்குக்கு முன் கிளாம்புகளைத் தளர்த்தி, டயல் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, மிதமான இறுக்கத்தில் மீண்டும் பிடிக்க வேண்டும். தளர்த்தும்போது முள் 0.02 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால், பாகம் வளைத்துப் பிடிக்கப்பட்டிருந்தது என்றே பொருள்.

எத்தகைய மெஷின் தேவை?

ரஃபிங்கும் ஃபினிஷிங்கும் ஒரே மெஷினில் நடப்பது பொருளாதாரக் கட்டாயமாக இருக்கலாம், ஆனால் இரண்டின் தேவைகளும் வேறு. ரஃபிங்குக்குக் குறைந்த சுற்றில் அதிக முறுக்குவிசையும் கனத்த டபுள் காலம் கட்டமைப்பும் வேண்டும். ஃபினிஷிங்குக்கு நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளும் அதற்கு மேலும் ஓடக்கூடிய, வெப்பத்தால் நீளாமல் குளிர்விக்கப்படும் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) வேண்டும். கண்ட்ரோலரின் வேகத்தைப் பலர் கவனிப்பதில்லை. 0.1 மி.மீ. இடைவெளிப் புள்ளிகளாக எழுதப்பட்ட நிரலை நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஃபீடில் (கட்டர் முன்னேறும் வேகம்) ஓட்டினால், ஒரு நொடிக்கு 500 வரிகளைக் கண்ட்ரோலர் படித்து முன்னோக்கித் திட்டமிட வேண்டும். அது முடியாத கண்ட்ரோலரில் வளைவுகளில் ஃபீட் தடுமாறும், கட்டர் வெட்டாமல் உரசும், மேற்பரப்பு பட்டை பட்டையாகத் தெரியும்.

ரஃபிங்குக்கு எந்தக் கட்டர் ஏற்றது?

ஹை ஃபீட் இன்செர்ட் (மாற்றக்கூடிய கார்பைடு வெட்டுத்துண்டு) கட்டரே முதல் தேர்வு. அதன் வெட்டுமுனை தரைக்கு 10 முதல் 15 டிகிரி வரை மட்டுமே சாய்ந்திருப்பதால், பல்லுக்கு 0.6 மி.மீ. ஃபீட் கொடுத்தாலும் 12 டிகிரிச் சாய்வில் உண்மையான சீவல் தடிமன் ஏறத்தாழ 0.125 மி.மீ.தான். வெட்டுவிசையின் பெரும்பங்கு பக்கவாட்டில் தள்ளாமல் ஸ்பிண்டிலின் அச்சுவழியே மேல்நோக்கிப் போவதால், நீண்ட ஹோல்டரிலும் அதிர்வு குறைவு. 50 எச்ஆர்சி அளவில் ஆழத்தை 0.5 மி.மீ. அளவுக்குக் குறைத்து, நிமிடத்துக்கு 80 முதல் 120 மீட்டர் வெட்டுவேகத்தில் தொடங்கலாம். உள்ளே இறங்க நேர்க்குத்தாக அல்லாமல், சுருள் பாதையிலோ மெல்லிய சரிவிலோ இறங்க வேண்டும். எப்போதும் டவுன் மில்லிங் முறையே நல்லது. பல் தடித்த சீவலில் நுழைந்து மெல்லிய சீவலில் வெளியேறும்.

ஓர் இன்செர்ட் உடைந்தால், இன்செர்ட்டை மாற்றிவிட்டுத் தொடர்வது போதாது. உடைந்த கார்பைடுத் துணுக்கு எஃகில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கையால் கிரைண்ட் செய்து எடுத்த பிறகே அடுத்த இன்செர்ட்டை அந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். கார்பைடு கார்பைடை வெட்டாது.

பால் நோஸ் (உருண்டை முனை) கட்டரில் சொல்லப்பட்ட வேகத்தைக் கொடுத்தும் மேற்பரப்பு மங்கலாக வருவது ஏன்?

கட்டரின் பெயரளவு விட்டத்தை வைத்துச் சுற்று கணக்கிட்டிருப்பீர்கள். ஆனால் வெட்டுவது அந்த விட்டம் அன்று. 10 மி.மீ. பால் நோஸ் 12,000 சுற்றில் ஓடும்போது பெயரளவு விட்டத்தில் வேகம் நிமிடத்துக்கு 377 மீட்டர். ஆனால் 0.2 மி.மீ. ஆழம் மட்டும் எடுக்கும்போது, சமதளத்தில் கட்டர் தொடும் விட்டம் வெறும் 2.8 மி.மீ.தான் (0.2 ஐ 9.8 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரட்டித்தால் இந்த அளவு கிடைக்கும்). அந்த விட்டத்தில் வேகம் 105 மீட்டராகக் குறைகிறது. கட்டரின் நட்டநடு முனையில் வேகம் சுழியம். அங்கே உலோகம் வெட்டப்படுவதில்லை, நசுக்கப்படுகிறது.

இதற்குத் தீர்வு கட்டரைச் சாய்ப்பது. அதே கட்டரை 15 டிகிரி சாய்த்தால், தொடும் விட்டம் 5.2 மி.மீ. ஆகி, வேகம் ஏறத்தாழ 195 மீட்டருக்கு உயர்கிறது. பூச்சுள்ள கார்பைடுக்கு 50 எச்ஆர்சி எஃகில் 150 முதல் 250 மீட்டர் என்பது வழக்கமான எல்லை. அந்த எல்லைக்குள் நாம் வந்துவிட்டோம், நசுக்கும் முனையும் வேலையிலிருந்து விலகிவிட்டது. ஐந்து அச்சு மெஷின் பெரிய மோல்டு பாகங்களில் தரும் மிகப் பெரிய பயன் இதுவே என்பது என் கருத்து. மூன்று அச்சு மெஷினில், தட்டையான பகுதிகளுக்குப் பால் நோஸைத் தவிர்த்து, முனை ரேடியஸ் உள்ள (புல் நோஸ்) கட்டரைப் பயன்படுத்தலாம்.

ஆழமான இடத்துக்கு நீண்ட கட்டர் போட்டால் போதுமா?

தேவையான நீளத்துக்கு மேல் ஒரு மி.மீ.கூட நீட்டக் கூடாது. கட்டரின் வளைவு, வெளியே நீட்டிய நீளத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. விட்டத்தின் நாற்படிக்கு ஏற்பக் குறைகிறது. நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. விட்டத்தை 16 இலிருந்து 12 மி.மீ.க்குக் குறைத்தால் வளைவு மூன்று மடங்குக்கும் மேல். எனவே 300 மி.மீ. ஆழச் சுவரை ஒரே நீண்ட கட்டரால் முடிப்பதைவிட, ஆழத்தை மண்டலங்களாகப் பிரித்து, மேல் பகுதிக்குக் குட்டையான கட்டரும் கீழே போகப்போக நீண்டதும் பயன்படுத்துவதே முறை. கார்பைடு எஃகைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது என்பதால், ஷாங்க் நீட்டிப்பும் கார்பைடாக இருப்பது நல்லது.

ஃபினிஷிங் கட்டரின் ரன் அவுட் (சுழலும்போது மையம் விலகும் அளவு) 0.005 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டு பற்கள் உள்ள கட்டரில் அதைவிட அதிகம் இருந்தால், ஒரு பல்தான் வேலை செய்கிறது. ஷ்ரிங்க் ஃபிட் அல்லது ஹைட்ராலிக் ஹோல்டர் இதற்கு உதவும். கட்டரைப் போடும் முன் ஹோல்டரின் துளையையும் ஸ்பிண்டிலின் கூம்பையும் துடைக்காமல் போட்டால், எந்த ஹோல்டரும் பயன்படாது.

கூலண்ட் பாய்ச்ச வேண்டுமா?

கார்பைடு கட்டரில் ரஃபிங்குக்கும் பெரும்பாலான ஃபினிஷிங்குக்கும் வேண்டாம். அழுத்தமான காற்றே போதும். பல் வெட்டும்போது சூடேறி, வெளியே வந்ததும் நீரால் குளிர்ந்தால், அந்த மாறிமாறி வரும் வெப்ப அதிர்ச்சியால் வெட்டுமுனையில் மயிரிழை விரிசல்கள் உண்டாகும். சரியான வேகத்தில் வெப்பத்தின் பெரும்பங்கு சீவலோடே போய்விடும். காற்றின் முக்கிய வேலை குளிர்விப்பதன்று. சீவல்களை வெட்டும் இடத்திலிருந்து அகற்றுவது. கடினச் சீவலை மறுபடியும் வெட்ட நேர்ந்தால் முனை சிதைந்துவிடும். ஆழமான கேவிட்டியில் சீவல்கள் குவியும் என்பதால், நிரலின் இடையிடையே நிறுத்தி அள்ளி எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சில ஃபினிஷிங் வேலைகளில் மெல்லிய எண்ணெய்ப் பனி மேற்பரப்பை மேம்படுத்தும். செந்நிறச் சீவல் பறக்கும் இடத்தில் எண்ணெய்த் துணியோ தேங்கிய எண்ணெயோ இருந்தால் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஃபினிஷிங்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்டெப் ஓவரை (அடுத்தடுத்த வரிகளின் இடைவெளி) எப்படித் தீர்மானிப்பது?

1000 × 800 மி.மீ. பரப்பை 10 மி.மீ. பால் நோஸால் 0.3 மி.மீ. ஸ்டெப் ஓவரில் எடுத்தால், கட்டர் நடக்கும் தூரம் ஏறத்தாழ 2667 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் ஃபீடில் இது சுமார் 15 மணி நேரம். வரிகளுக்கு இடையே நிற்கும் முகட்டின் உயரம், ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தை விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: இங்கே 2.25 மைக்ரான். ஸ்டெப் ஓவரை 0.2 ஆகக் குறைத்தால் முகடு ஒரு மைக்ரானாகும், நேரம் 22 மணியைத் தாண்டும். கூடுதல் ஏழு மணி நேரத்தைச் செலவிடுவதா, பாலிஷ் செய்கிறவரிடம் விடுவதா என்பதை அந்த முகத்தின் தேவையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வெளியே தெரியும் முகத்துக்கு மெஷின் நேரத்தையே கொடுக்கலாம், ஏனெனில் கையால் தேய்க்கும்போது வடிவத்தின் துல்லியம் குலைகிறது. ரிப்புகளுக்கும் உள் முகங்களுக்கும் 0.3 மி.மீ.யே போதும். இடம் இருந்தால் 16 மி.மீ. கட்டருக்கு மாறினால், அதே 2.25 மைக்ரான் முகட்டை 0.38 மி.மீ. ஸ்டெப் ஓவரிலேயே அடையலாம்.

15 மணி நேர ஓட்டத்தில் கட்டர் தேயும். முகத்தின் நடுவில் கட்டர் மாற்றினால், அந்தக் கோடு பாலிஷுக்குப் பின்னும் கண்ணுக்குத் தெரியும். பரப்பை இயற்கையான எல்லைகளில், அதாவது ஒரு மடிப்பிலோ பிரிகோட்டிலோ பிரித்து, கட்டர் மாற்றம் அங்கேயே நிகழுமாறு நிரலை அமைக்க வேண்டும். புதிய கட்டரின் நீளத்தை, ஸ்பிண்டில் வேலை செய்யும் சுற்றிலேயே ஓடும்போது லேசரால் அளந்து எடுப்பது நம்பகமானது.

அறை வெப்பநிலை உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

பெரிய பாகத்தில், ஆம். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11 முதல் 12 மைக்ரான் வரை நீளும். கோரைப் பகலிலும் கேவிட்டியை மூன்று டிகிரி குளிர்ந்த இரவிலும் முடித்தால், ஒரு மீட்டர் நீளத்தில் வித்தியாசம் 35 மைக்ரானை நெருங்கும். நைலான் போன்ற எளிதில் ஓடும் பிளாஸ்டிக் 20 மைக்ரான் இடைவெளியிலேயே பிதுங்கி ஃபிளாஷ் ஆகிவிடும். ரஃபிங் முடிந்த சூட்டோடு ஃபினிஷிங்கைத் தொடங்காமல், பாகத்தை ஓர் இரவு மேசைமேலேயே விட்டு, காலையில் ஸ்பிண்டிலைச் சூடேற்றி, பூஜ்ஜியத்தை மறுபடி சரிபார்த்துத் தொடங்க வேண்டும். மூன்று டன் எஃகு விரைவில் குளிராது.

இடிஎம் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் முறை) இனித் தேவையில்லையா?

தேவைதான், ஆனால் குறைந்த இடங்களில். ஆழமான ஒடுங்கிய ரிப்புகள், கூர்மையான உள்மூலைகள், கட்டர் எட்டாத இடங்கள் ஆகியவை இடிஎம்முக்கே உரியவை. மில்லிங் எட்டும் இடத்தில் மில்லிங்கே மேலானது: எலக்ட்ரோடு செய்யும் வேலை மிச்சம், மேற்பரப்பில் உருகி உறைந்த வெண்படலமும் உண்டாவதில்லை. டை காஸ்டிங் டையில் அந்தப் படலம் வெப்ப விரிசலுக்கு வித்தாகும் என்பதால், இடிஎம் செய்த முகங்களைத் தேய்த்து அதை நீக்கிவிட்டு, முந்தைய டெம்பரிங் (கடினப்படுத்தியபின் நொறுங்குதன்மையைக் குறைக்கும் மறுசூடாக்கல்) வெப்பநிலைக்கு ஏறத்தாழ 25 டிகிரி கீழே மீண்டும் டெம்பரிங் செய்வது நல்லது.

மெஷினிலேயே புரோப் வைத்து அளந்தால் போதாதா?

வேலையின் இடையில் சரிபார்க்கவும், பாகத்தை இறக்கும் முன் விடுபட்ட மீதியைக் கண்டுபிடிக்கவும் அது மிகவும் பயன்படும். ஆனால் மெஷினின் அச்சில் பிழை இருந்தால், அதே அச்சில் நகரும் புரோபும் அதே பிழையோடுதான் அளக்கும். இறுதி அளவை சிஎம்எம்மில் (தனி முப்பரிமாண அளவீட்டு மெஷின்), வெப்பநிலை சமமான பிறகு எடுக்க வேண்டும்.

அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் வெல்டிங் செய்து காப்பாற்றலாமா?

காப்பாற்றலாம், ஆனால் முகத்தின் தன்மையைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும். கடினப்படுத்திய எச் 13 எஃகை 325 டிகிரிக்குக் குறையாமல் முன்சூடாக்கி, அந்தச் சூடு வெல்டிங் முழுவதும் குறையாமல் பார்த்து, அதே வகை ஃபில்லரால் நிரப்பி, மெதுவாகக் குளிரவிட்டு, கடைசி டெம்பரிங்குக்கு 10 முதல் 20 டிகிரி கீழே மறுபடி டெம்பரிங் செய்ய வேண்டும். குளிர்ந்த பாகத்தில் நேரடியாக வெல்டிங் வைத்தால் விரிசல் ஏறக்குறைய உறுதி. வெல்டிங் பகுதியும் அதைச் சுற்றிய எஃகும் ஒரே கடினத்தில் இருக்காது என்பதால், அங்கே மீண்டும் மில்லிங் செய்யும்போது ஃபீடைக் குறைத்து, ஆழத்தைப் பாதியாக்கி, பலமுறை எடுக்க வேண்டும். உயர் பாலிஷோ டெக்ஸ்சரோ வர வேண்டிய முகத்தில் வெல்டிங்கின் எல்லை பின்னர் தெரியவரும். அத்தகைய முகங்களில், வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டால், அந்த இடத்தைக் குடைந்து அதே எஃகில் ஓர் இன்செர்ட் பொருத்துவதும், அதன் எல்லைக்கோடு ஏற்கெனவே உள்ள ஒரு மடிப்பில் விழுமாறு அமைப்பதும் பாதுகாப்பான வழி.